இரவிற் காவல் புரியும் வௌவால்

அந்தி மங்கியதும் வயல்வரம்புகளின் மேலாகச் சிறு வௌவால்கள் வளைந்து வளைந்து பறப்பதைக் கமக்காரர் நாடோறும் காண்கின்றனர். அவை வீணே பறப்பனவல்ல. பயிர்களை அழிக்கும் பூச்சிகளை இரையாகத் தேடியே அவை வயலுக்கு வருகின்றன. பகலிற் பறவைகள் செய்யும் காவலை இரவில் வௌவால்கள் செய்கின்றன.

இலங்கையில் ஏறக்குறைய 30 வௌவால் இனங்கள் வாழ்கின்றன. அவற்றுட் பழந்தின்னிகள் சிலவே. ஏனையவை பெரும்பாலும் பூச்சிகளையே உண்பன. மனிதர் செவிக்குக் கேளாத நுண்ணொலியை எழுப்பி, அதன் எதிரொலியைக் கொண்டு அவை இருளிலும் இரையைப் பிடிக்கின்றன. நெல்லின் தண்டு துளைப்பானது தாய் அந்து இரவிற் பறந்தே முட்டையிடும். அவ்வந்து முட்டையிடுமுன் உண்ணப்படுமாயின், பின்னர் தோன்றவிருந்த புழுக்கள் யாவும் இல்லாதொழிகின்றன.

இவ்வுண்மை பிறநாடுகளில் ஆராய்ந்து அறியப்பட்டுள்ளது. ஸ்பெயின் நாட்டில் எப்ரோ நதிக் கழிமுக வயல்களில் மரப்பெட்டிகளை நாட்டி வௌவால்களைக் குடியேற்றியபின், தண்டு துளைப்பானின் தாக்கம் குறைந்தது. தாய்லாந்தில் ஒரே வௌவாலினம், தத்திப் பூச்சிகளை உண்பதனால், ஏறக்குறைய 26,000 பேருக்கு உணவாகும் அரிசியை ஆண்டுதோறும் காக்கின்றதென 2014 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று கணித்தது.

வௌவால் எலியைப்போல் விரைவிற் பெருகுவதன்று. பெரும்பாலான இனங்கள் ஓர் ஈற்றில் ஒரு குட்டியையே ஈனும். ஆகவே, ஒருநாளில் அழிக்கப்பட்ட கூட்டம் மீண்டும் பெருகப் பல்லாண்டுகள் செல்லும். இதனைக் கருத்திற்கொண்டு கமக்காரர் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளல் வேண்டும்.

1. குகைகளிலும் பாழடைந்த கட்டடங்களிலும் தங்கும் வௌவால்களைப் புகையூட்டித் துரத்தலாகாது.

2. குளக்கரை, ஆற்றங்கரைகளிலுள்ள மருது, ஆல், புளி முதலிய முதுமரங்களையும், பொந்துள்ள மரங்களையும் வெட்டாது விடுக.

3. சிறு வௌவால்கள் பனையின் காவோலைகளுள்ளும் தங்கும். பனைகளைச் செப்பனிடும்பொழுது, வீட்டிற்கும் பாதைக்கும் அப்பாலுள்ள சில மரங்களிற் காவோலைகளை விட்டுவைக்க.

4. பூச்சிநாசினிகளைத் தேவையின்றித் தெளித்தலாகாது. அவை வௌவாலின் உணவை அழிப்பதுடன், அதன் உடலிலும் நஞ்சாகச் சேரும்.

மா, கொய்யா முதலியவற்றிற் பழந்தின்னி வௌவால்கள் சேதம் விளைவிப்பது மெய்யே. ஆயினும் இலுப்பை முதலிய பயன்மரங்களின் விதைகளைப் பரப்புவனவும் அவையே. அவற்றைக் கொல்லாது, முற்றும் பருவத்திற் பழங்களைப் பைகளால் மூடிக் காத்துக்கொள்க.

வௌவாலை வெறுங்கையாற் பிடித்தலாகாது. அது கடிப்பின் விசர்நோய் தொற்றக்கூடும். கடியுண்டவர் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். வீழ்ந்து கிடக்கும் பழங்களிற் கடிபட்டவற்றை உண்ணலாகாது.

வௌவால் ஒன்றே பீடைகள் அனைத்தையும் ஒழித்துவிடுமெனக் கொள்ளல் தவறு. எனினும் கூலியின்றி இரவுதோறும் உழைக்கும் அவ்வுயிர்க்கு நாம் கொடுக்கவேண்டியது தங்குமிடம் ஒன்றேயாம்.