தண்ணீரில் ஓடிய பொருளாதாரம்

பி.ஏ. பொருளாதார மாணவர்கள் ‘மேக்ரோ’ என்று சுருக்கிச் சொல்லும் பேரியல் பொருளியல் வகுப்பு தொடங்கிச் சில நாட்களிலேயே கரும்பலகையில் ஒரு வரி ஏறிவிடும்: வருமானம் = நுகர்வு + முதலீடு + அரசுச் செலவு + ஏற்றுமதி − இறக்குமதி. எழுதிக்கொள்வது எளிது, ஒப்பிப்பதும் எளிது. ஆனால் அதில் உள்ள ஒவ்வொன்றும் மற்றதை அசைக்கும் என்பதும், ஒருவர் கடையில் கொடுக்கும் காசுதான் இன்னொருவர் வீட்டு வருமானம் என்பதும் அந்த வரியைப் பார்த்தால் தெரியாது. முதலாண்டு மாணவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் சேர்ந்த பில் பிலிப்ஸுக்கும் அதே சிக்கல் வந்தது. 1914-ல் நியூசிலாந்தில் பால்பண்ணைக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் அவர். மின்பொறியியல் கற்றவர், ஆஸ்திரேலியாவில் முதலை வேட்டைக்கும் போனவர். போரில் ஜப்பானியரிடம் பிடிபட்டு ஜாவா தீவின் கைதி முகாமில் மூன்றாண்டுக்கு மேல் கிடந்தபோது, காவலர் கண்ணில் படாமல் ரேடியோ ஒன்றைச் செய்துவைத்திருந்தார். கல்லூரியில் அவர் எடுத்த பாடம் சமூகவியல். பொருளாதாரம் கூடவே வந்த பாடம். அதில்தான் பொருளியலாளர் கெய்ன்ஸின் கோட்பாடு அவருக்கு அறிமுகமானது. பட்டத்தில் அவருக்குக் கிடைத்தது வெறும் தேர்ச்சிதான்.

சமன்பாடுகள் அவருக்குப் பிடிபடவில்லை என்பதைவிட, வேறு வடிவத்தில் பிடிபட்டன என்பதே சரி. வருமானம் ஓடுகிறது, சேமிப்பு தேங்குகிறது என்று பாடநூல்கள் சொல்கின்றன. ஓடுவதும் தேங்குவதும் தண்ணீரின் வேலை ஆயிற்றே! அப்படியானால் தண்ணீரையே விட்டுப் பார்த்தால் என்ன? நண்பர் வால்டர் நியூலின் பொருளாதாரப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள, குராய்டனில் ஒரு வீட்டின் கார் கொட்டகையில் 1949-ல் வேலை நடந்தது. போர் விமானத்திலிருந்து கழித்துப்போட்ட உதிரிபாகங்களும் அதற்குப் பயன்பட்டன.

உருவானது ஆளுயரத்தையும் தாண்டிய, சுமார் இரண்டு மீட்டர் உயர எந்திரம். கண்ணாடிபோலத் தெளிந்த பிளாஸ்டிக் தொட்டிகள், குழாய்கள், மதகுகள். உள்ளே சாயம் கலந்த தண்ணீர். அடித்தொட்டியிலிருந்து பம்ப் மேலே ஏற்றிவிடும் தண்ணீர்தான் நாட்டின் வருமானம். அது இறங்கும் வழியில் முதலில் வரி பிரிகிறது, பிறகு சேமிப்பு பிரிகிறது, மிச்சம் நுகர்வாக நடுவே விழுகிறது. சேமிப்புத் தொட்டிக்குப் போனது முதலீடாகவும், வரியாகப் போனது அரசுச் செலவாகவும் திரும்பி வந்து கலக்கின்றன. இறக்குமதி வெளியேறுகிறது, ஏற்றுமதி உள்ளே வருகிறது. எல்லாம் சேர்ந்து அடித்தொட்டிக்கு வந்ததும் மறுபடி மேலே. வருமானம் ஏறுவதையும் இறங்குவதையும் ஒரு பேனா தாளில் கோடாக வரைந்துகொண்டே இருக்கும்.

இதில் ஒரு சோதனையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். மக்கள் திடீரென்று அதிகமாகச் சேமிக்கத் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சேமிப்பு மதகை இன்னும் அகலத் திறக்க வேண்டும். உடனே நடுவே விழும் நுகர்வுத் தாரை மெலிகிறது. சற்று நேரத்தில் அடித்தொட்டியில் மட்டம் இறங்குகிறது. பம்ப் மேலே அனுப்பும் தண்ணீர் குறைகிறது. பேனா கீழே சரிகிறது. வருமானமே குறைந்தபின் அதிலிருந்து பிரியும் சேமிப்பும் எதிர்பார்த்த அளவுக்கு வருவதில்லை. ஒரு குடும்பம் சிக்கனமாக இருந்தால் அது செழிக்கும். ஊரே ஒரே நாளில் கையைச் சுருக்கினால் ஊர் வருமானம் சுருங்கும். கெய்ன்ஸ் விளக்கிய இந்தச் ‘சிக்கனப் புதிர்’ முதலாண்டுத் தேர்வில் கேட்கப்படும் கேள்வி. அதைப் பக்கக்கணக்கில் படித்துக் குழம்பியவருக்குத் தாரை மெலிவதை ஒருமுறை காட்டினால் போதும்.

முதலீட்டுக் குழாய் இன்னும் நுட்பமானது. பண இருப்பைக் காட்டும் தொட்டியில் ஒரு மிதவை இருக்கும். இருப்பு கூடினால் மிதவை எழும், வட்டி இறங்கும், முதலீட்டு மதகு இன்னும் கொஞ்சம் திறக்கும். வட்டியைத் தீர்மானிப்பது தேங்கியிருக்கும் பணமா, ஓடிவரும் சேமிப்பா என்று பொருளியலாளர்கள் வாதாடிக்கொண்டிருந்த காலம் அது. தேங்கலும் ஓட்டமும் ஒன்றையொன்று எப்படி நகர்த்துகின்றன என்பதை எந்திரம் கண்முன் காட்டியது.

1949 நவம்பரில் லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் பொருளியலாளர் லயனல் ராபின்ஸ் நடத்திய கருத்தரங்கில் பிலிப்ஸ் இதை இயக்கிக் காட்டினார். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அங்கே இருந்தார்கள். தண்ணீர் சொன்னபடி ஓடியது. சமூகவியல் மாணவராக நுழைந்தவர் அதே கல்லூரியில் பொருளாதார ஆசிரியரானார். பிற்பாடு பேராசிரியராகி, 1958-ல் வேலையின்மைக்கும் கூலி உயர்வுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையிலிருந்து வந்ததுதான் இன்று எல்லாப் பாடநூலிலும் இருக்கும் ‘பிலிப்ஸ் வளைகோடு’. வளைகோட்டைப் படிக்கும் மாணவர்களில் பலருக்கு எந்திரத்தைப் பற்றித் தெரியாது. அது பெரிய இழப்பு.

ஏனென்றால் சமன்பாடு மறைக்கும் ஒன்றை இந்த எந்திரம் காட்டுகிறது: காலம். கூடுதலாக வரும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் மக்கள் 80 ரூபாய் செலவழித்தால், அரசு புதிதாகச் செலவிடும் 100 ரூபாய் முடிவில் 500 ரூபாய் வருமானமாகும் என்று பெருக்கிக் கணக்கு ஒரே வரியில் முடித்துவிடும். தண்ணீரோ 100, 80, 64 என்று சுற்றிச் சுற்றித்தான் வரும். ஏரிப்பாசனம் பார்த்தவருக்கு இது புதிதல்ல. மதகைத் திறந்த கணமே கடைமடை நனைவதில்லை. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாகப் படிப்படியாக உயர்த்தியபோதும் அப்படித்தான். முடிவு அறிவிக்கப்பட்டது ஒரு நாளில். வீட்டுக்கடன் தவணையிலும் கடைத்தெரு விலையிலும் அது வந்து சேர்ந்தது மெல்ல மெல்ல.

எந்திரத்துக்கு எல்லையும் உண்டு. விலைவாசி ஏறுவதை அது சரியாகக் காட்டாது. நாளை விலை ஏறும் என்று பயந்து இன்றே வாங்கிவைக்கும் மனிதர் அதில் இல்லை. மாணவர்களிடம் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பின்னாளில் நோபல் பெற்ற ஜேம்ஸ் மீட் இதை வகுப்பறைக்குக் கொண்டுவந்த விதம் அழகானது. இரண்டு எந்திரங்களைக் குழாயால் இணைத்துவிடுவார். ஒன்று பிரிட்டன், மற்றது அமெரிக்கா. ஒன்றின் இறக்குமதி மற்றதன் ஏற்றுமதி. ஒரு மாணவர் நிதியமைச்சராக வரி மதகைப் பிடிப்பார், இன்னொருவர் மைய வங்கித் தலைவராக வட்டியைப் பார்ப்பார். அவரவர் தம் தொட்டியை மட்டும் சரிசெய்ய முனைந்தால், ஒருவர் திருகிய திருகு இன்னொருவர் கோட்டைக் கலைக்கும்.

ஹார்வர்டு, கேம்பிரிட்ஜ், மெல்போர்ன், இஸ்தான்புல் என்று பல இடங்களுக்கு இந்த எந்திரம் போனது. ஒன்று இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கேம்பிரிட்ஜில் ஓடாமல் கிடந்ததை ஆலன் மெக்ரோபி என்ற பொறியியல் பேராசிரியர் பழுதுபார்த்து மறுபடி ஓடவிட்டார். அங்கே மதகைத் திருகிவிட்டுப் பேனாவையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அது உடனே புதிய மட்டத்துக்குத் தாவாது. தொட்டிகள் ஒவ்வொன்றாக நிரம்பும்வரை சாய்ந்துகொண்டே போய், பிறகுதான் கோடு நேராகும்.