சாலையிலும் ஒரு துண்டு கேட்கலாம்

புதிதாகத் தார் போட்ட தெரு முதல் மழைக்கே ஜல்லி பெயர்ந்து கிடக்கிறது, யாரைக் கேட்பது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். ஆர்.டி.ஐ. பற்றித் தெரியாதவர் அல்லர் அவர். “ஏன் இவ்வளவு மோசமாகச் சாலை போட்டீர்கள்?” என்று ஏற்கெனவே ஒரு மனு போட்டிருக்கிறார். கேட்டது ‘தகவல்’ என்பதற்குள் வராது என்று ஒற்றை வரியில் பதில் வந்திருக்கிறது.

அந்தப் பதில் எரிச்சலூட்டலாம். ஆனால் சட்டப்படி அதில் தவறில்லை. ஆர்.டி.ஐ. எனப்படும் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 அலுவலகத்தில் இருக்கும் பதிவேட்டைத் திறந்து காட்டச் சொல்கிறது. அதிகாரியை நிறுத்தி விளக்கம் கேட்க அதில் வழியில்லை. 2011 ஆகஸ்டில் சி.பி.எஸ்.இ.க்கும் ஆதித்ய பந்தோபாத்யாய்க்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. தேர்வு எழுதியவர் தன் திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்க்கலாம் என்று சொன்ன அதே தீர்ப்பு, கையில் இல்லாத தகவலைத் தொகுத்துத் தரவோ கருத்துச் சொல்லவோ பொதுத் தகவல் அலுவலர் கடமைப்பட்டவர் அல்லர் என்றும் சொன்னது. ஆகவே ‘ஏன்’ என்று தொடங்கும் மனு திரும்பி வரத்தான் செய்யும். ‘இன்ன பணியின் இன்ன ஆவணம்’ என்று கேட்டுவிட்டால், மறுப்பதற்கு அலுவலர் சட்டத்திலிருந்தே ஒரு விலக்கை எடுத்துக் காட்டியாக வேண்டும்.

சாலைப் பணி என்றால் எஸ்டிமேட்டையும் ஒர்க் ஆர்டரையும் பலரும் கேட்கிறார்கள். கேட்காமல் விட்டுவிடுவது எம் புக் எனப்படும் அளவுப் புத்தகத்தை. பொறியாளர் வேலை நடந்த இடத்துக்குப் போய் அளந்து, நீளம், அகலம், கனம், அளந்த தேதி எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திடும் புத்தகம் அது. பக்கங்களுக்கு வரிசை எண் உண்டு. தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். ஒப்பந்ததாரரின் பில் இந்த அளவுகளை வைத்துத்தான் பாஸாகிறது. புத்தகத்தில் 40 மில்லிமீட்டர் கனம் என்று இருந்து, தெருவில் பெயர்ந்து கிடக்கும் துண்டு அதில் பாதிகூடத் தேறவில்லை என்றால், ‘ஏன்’ என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

இந்தச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஓர் அதிசயம் பிரிவு 2(ஜே). தாளில் இருப்பதைப் படிக்கும் உரிமையோடு, நடக்கும் பணியையே நேரில் பார்வையிடும் உரிமையையும் அது தருகிறது. அதையும் தாண்டி, பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுத்துக்கொள்ளும் உரிமையும் அதில் இருக்கிறது. அரிசி மண்டியில் மூட்டையைப் பிரிக்காமல் குத்தூசி போட்டு ஒரு பிடி எடுத்துப் பார்ப்பார்கள் அல்லவா, அந்த வேலையை அரசாங்கத்தின் சாலையிலும் கட்டடத்திலும் செய்ய ஒரு சாதாரணக் குடிமகனுக்கு நாடாளுமன்றம் அனுமதி கொடுத்திருக்கிறது. பள்ளிக் கட்டடத்தின் சிமெண்ட் கலவை, அரசுக் கிடங்கிலுள்ள அரிசி, தெருவில் போட்ட தார்க்கலவை என எதையும் கேட்கலாம். மாதிரிக்கு ஆகும் உண்மையான செலவை மட்டும் கட்ட வேண்டும்.

சாலையில் மாதிரி எடுக்கப் பொறியாளர்களிடம் கோர் கட்டர் உண்டு. சுழலும் குழாய் ஒன்று சாலைக்குள் இறங்கி, உருளை வடிவில் ஒரு துண்டை வெட்டி மேலே கொண்டுவரும். எத்தனை அடுக்கு, ஒவ்வொன்றும் என்ன கனம் என்று அதன் பக்கவாட்டிலேயே தெரிந்துவிடும். ஆய்வகத்தில் கரைப்பானை ஊற்றித் தாரைப் பிரித்தெடுத்து, மிஞ்சும் ஜல்லியை எடை போட்டால் தாரின் விகிதமும் கிடைக்கும். மனுதாரர் முன்னிலையில் மாதிரி எடுக்க வேண்டும், இரண்டு உறைகளில் முத்திரையிட வேண்டும், இருதரப்பும் கையெழுத்திட வேண்டும் என்று மனுவிலேயே எழுதிவிடுவது நல்லது. இவ்வளவு வலுவான ஓர் உரிமை பெரும்பாலும் சட்டப் புத்தகத்திலேயே தூங்குகிறது என்பதுதான் வேதனை.

பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு எல்லோருக்கும் தெரிந்தவை. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களுக்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினாலே போதும். மனு தமிழிலேயே இருக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் பதில் வராதபோது பலர் அத்தோடு நின்றுவிடுகிறார்கள். கெடு முடிந்த 30 நாளுக்குள் அதே துறையின் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு என்று வழி இருக்கிறது. தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதத்தை அலுவலரின் கையிலிருந்தே வசூலிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அந்த ஆணையங்களிலேயே நாற்காலிகள் காலியாகக் கிடப்பது பெரிய அநியாயம். நிரப்பச் சொல்லி 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் ஜார்க்கண்ட் ஆணையம் 2020 மே முதல் பல ஆண்டுகள் ஆணையரே இல்லாமல் முடங்கியது.

தகவல் அறியும் சட்டத்தை இந்தியாவில் முதலில் கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு, 1997இல். விலக்குகள் மலிந்த, பல்லில்லாத சட்டம் அது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பல் முளைத்தது ராஜஸ்தானின் கிராமங்களில். சமூகச் செயற்பாட்டாளர் அருணா ராயும் தோழர்களும் 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு, 1994 டிசம்பரில் கோட் கிரானா கிராமத்தில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. வேலைத்தளத்தில் கூலி வாங்கியவர்களின் பெயர்கள் எழுதப்பட்ட மஸ்டர் ரோலை ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். செத்துப்போனவர்கள்கூடக் கூலி வாங்கியதாக அதில் எழுதியிருந்தது. 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் இந்த ஆவணங்களின் நகல் கேட்டு நடந்த தர்ணா 40 நாள் நீடித்தது.

அன்று படிக்கப்பட்டவை பெயர்கள் என்பதை இன்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றியது. 2025 நவம்பரில் அந்த மாற்றம் நடைமுறைக்கும் வந்துவிட்டது. பொதுப்பணிக்குத் தொடர்பில்லாத, அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் விவரத்துக்கு மட்டுமே முன்பு விலக்கு. இப்போது ‘தனிநபர் விவரம்’ என்றாலே மறுக்க இடமிருக்கிறது. மஸ்டர் ரோலில் இருப்பதும் தனிநபர் பெயர்தானே! பட்டியலைத் தர மறுக்க இனி ஓர் அலுவலருக்கு இந்த ஒரு பிரிவே போதுமானதாகிவிடக் கூடும்.

அப்படி மறுத்தால் மேல்முறையீட்டில் பிரிவு 8(2)ஐக் குறிப்பிட வேண்டும். விலக்கு பெற்ற தகவலாக இருந்தாலும், வெளியிடுவதால் வரும் தீங்கைவிடப் பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்கிறது அந்தப் பிரிவு; அது இன்னும் மாறவில்லை. பொதுநலன் என்று பொதுவாக எழுதினால் எடுபடாது. எந்தப் பணி, எந்த வாரம், எத்தனை பேருக்குக் கூலி கொடுத்ததாகக் கணக்கு, அந்த வாரத்தில் தளத்தில் உண்மையில் நின்றவர்கள் எத்தனை பேர் என்று எழுதி, எம் புக்கின் அந்தப் பக்க நகலையும் இணைத்துவிட வேண்டும்.