கண்ணுக்கு ஓர் உத்தரவு, மூளைக்கு ஒரு நகல்

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கடிதம். பேரன் கடற்கரைச் சாலையில் செல்போனை வெடுக் வெடுக்கென்று திருப்பித் திருப்பி ஒரு வீடியோ எடுத்தானாம். அதில் காந்தி சிலை குதிக்கிறது, பழைய கலங்கரை விளக்கம் ஆடுகிறது, பார்த்தாலே தலை சுற்றுகிறது என்கிறார். 'அதே சாலையில் நானும் தினமும் காலையில் நாலா பக்கமும் பார்த்துக்கொண்டுதான் நடக்கிறேன். எனக்கு எதுவும் ஆடவில்லையே, ஏன்?' என்று கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்வி. உண்மையில் பேரனின் செல்போனைவிட தாத்தாவின் கண் அதிகமாகக் குதிக்கிறது. விழித்திரையில் நுணுக்கமாகப் பார்க்கக்கூடிய இடம் மிகச் சிறியது. கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். அந்த நகம் மறைக்கிற அளவுதான் நமக்கு ஒரு நேரத்தில் துல்லியமாகத் தெரியும், சுற்றிலும் எல்லாம் மங்கல். அதனால்தான் கண் நொடிக்கு மூன்று தடவை போலத் தாவிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தாவலும் 20 முதல் 100 மில்லிநொடிக்குள் முடிந்துவிடும். பெரிய தாவல்களில் வேகம் நொடிக்கு 500 பாகையைத் தாண்டும். வாசிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தத்தித் தத்தித்தான் போகிறது என்பதை 1870-களின் இறுதியில் பாரிஸில் லூயி எமில் ஜவால் என்ற கண் மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் கவனித்தார்கள். நம் ஊர்த் தெருமுனையின் நீலப் பலகையில் தமிழ் வரியிலிருந்து பிரெஞ்சு வரிக்கு இறங்கும்போதும் நடப்பது இதுதான்.

தாவுகிற அந்த நேரத்தில் கண்ணில் விழுவதை மூளை பெரும்பாலும் அமுக்கிவிடுகிறது. கண்ணாடி முன்னால் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். உங்கள் கண் அசைவது உங்களுக்குத் தெரியவே தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும். செல்ஃபி கேமராவில் முயன்றால் நீங்களே பார்க்கலாம். படம் திரைக்கு வருவதற்குச் சற்றுத் தாமதமாகிறது, அதற்குள் கண் தாவி முடித்து நின்றிருக்கும்.

இது பாதி பதில்தான். கண் போய் நின்ற பிறகு விழித்திரையில் எல்லாமே இடம் மாறியிருக்கிறது. ஓரத்தில் இருந்த காந்தி சிலை நடுவுக்கு வந்துவிட்டது. நகர்ந்தது சிலை அல்ல, கண்தான் என்று மூளைக்கு யார் சொன்னது?

என் அப்பா அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தவர். எந்த உத்தரவை அடித்தாலும் நடுவில் கார்பன் தாள் வைத்துத்தான் அடிப்பார். மேல் தாள் வேலை நடக்க வேண்டிய இடத்துக்குப் போகும். அடியில் இருக்கும் ஆபீஸ் காப்பி பதிவேடு வைத்திருக்கும் எழுத்தரிடம் போகும். அந்த எழுத்தர் எழுந்து வெளியே போய்ப் பார்ப்பதில்லை. நகல் மேஜைக்கு வந்ததும் பதிவேட்டில் ஏற்றிவிடுவார்.

மூளைக்குள் இருப்பதும் இந்த ஏற்பாடுதான். கண்ணைத் திருப்பும் உத்தரவு நடுமூளையிலிருந்து தசைகளுக்குக் கிளம்பும்போதே, அதன் நகல் ஒன்று தலாமஸ் வழியாக மூளையின் முன்பகுதிக்கு ஏறுகிறது. 1950-லேயே ஜெர்மனியில் ஃபான் ஹோல்ஸ்டும் மிட்டல்ஷ்டேட்டும், அமெரிக்காவில் ராஜர் ஸ்பெர்ரியும் இப்படி ஒரு நகல் இருந்தாக வேண்டும் என்று தனித்தனியாக எழுதினார்கள். அது போகும் வழியைக் குரங்கின் மூளையில் மார்க் சாமரும் ராபர்ட் வுர்ட்ஸும் காட்டியது 2002-ல். தலாமஸில் அந்த இடத்தைத் தற்காலிகமாகச் செயலிழக்க வைத்தார்கள். அடுத்தடுத்து இரண்டு தாவல் செய்ய வேண்டிய சோதனையில், முதல் தாவல் சரியாக இருந்தது, இரண்டாவது பிசகியது. முதலில் எவ்வளவு நகர்ந்தோம் என்ற கணக்கு மேலே போய்ச் சேரவில்லை.

எழுத்தர் முந்திக்கொள்வதும் உண்டு. மூளையின் பரைட்டல் பகுதியில் ஒவ்வொரு நரம்பணுவும் பார்வைப் பரப்பில் தனக்கென்று ஒரு துண்டைக் கவனித்துக்கொள்கிறது. தாவல் முடிந்தபின் எந்த இடம் தன் பொறுப்பில் வரப்போகிறதோ, அந்த இடத்தைக் கண் கிளம்புவதற்கு முன்பே சில அணுக்கள் கவனிக்கத் தொடங்குகின்றன. 1992-ல் டுஹாமெல், கோல்பி, கோல்ட்பெர்க் மூவரும் வெளியிட்ட இந்தச் சங்கதி எனக்கு இன்றைக்கும் வியப்புதான். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆதித்ய மூர்த்தியின் குழு, கண்ணுக்குப் போகும் உத்தரவும் கைக்குப் போகும் உத்தரவும் எப்படி ஒத்துப்போகின்றன என்று ஆராய்ந்து வருகிறது.

நகல் இல்லாமல் கண் நகர்ந்தால் என்ன ஆகும் என்பதை 19-ஆம் நூற்றாண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதிவைத்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திறந்திருக்கும் கண்ணின் வெளியோரத்தை இமையோடு சேர்த்து விரலால் மெல்லத் தொட்டு அசைத்தால் உலகமே ஆடும். (கண் அறுவை செய்துகொண்டவர்களும் கண் நீர் அழுத்தம் உள்ளவர்களும் இதைச் செய்ய வேண்டாம்.)

எனக்குப் பிடித்தது இதற்கு நேர் எதிரான கூத்து. உத்தரவு போகிறது, நகலும் பதிவாகிறது, வேலை மட்டும் நடக்கவில்லை. அரசு அலுவலகம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

அரியாங்குப்பத்தில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு நெடுநாள் சர்க்கரை. ஒரு நாள் காலையில் தெருவில் ஒரு ஸ்கூட்டி வந்தால் இரண்டு ஸ்கூட்டி வந்தது. கண்ணாடிக் கடைக்குப் போய்ப் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டார், ஒன்றும் மாறவில்லை. இரட்டையாகத் தெரிவது பிடிக்காமல் இடது கண்ணைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். வலப்பக்கம் இருந்த தண்ணீர் டம்ளருக்குச் சட்டென்று கையை நீட்டினால், கை டம்ளரைத் தாண்டி இன்னும் வலப்பக்கம் போய் மேஜையில் விழுந்தது.

"டம்ளர் இங்க இருக்கு, அங்க எதைத் தேடுறீங்க?" என்றார் சித்தி.

"எனக்கு அங்கதான தெரியுது!"

அவர் சொன்னது நிஜம். கண்ணை வெளிப்பக்கமாக இழுக்கும் தசைக்கு ஆறாவது மூளை நரம்புதான் செய்தி கொண்டுபோகிறது. சர்க்கரையால் அதன் சிறு ரத்தக் குழாய்கள் கெட்டு, வலது கண்ணில் அந்த நரம்பு படுத்துவிட்டது. டம்ளரைப் பார்க்க வழக்கத்தைவிடப் பலமாக உத்தரவு போட வேண்டியிருந்தது. கண் கொஞ்சம்தான் திரும்பியது, பதிவேட்டிலோ வலக்கோடி வரை திரும்பியதாகப் பதிவாகிவிட்டது. ஆகவே டம்ளரும் வலக்கோடியில் தெரிந்தது. மெதுவாகக் கை நீட்டினால் தன் கையைப் பார்த்துத் திருத்திக்கொள்வார், அவசரப்பட்டால் தவறும். நாளாக ஆக மூளை இந்தப் பிசகைக் கற்றுக்கொண்டு ஓரளவு சரிக்கட்டியது. நரம்பு தேறுவதற்கு மூன்று மாதம் போல ஆனது, சர்க்கரையால் வருவது பெரும்பாலும் அந்த அளவில் தேறிவிடும்.

இங்கே கொஞ்சம் சலித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் நாடளாவிய ஆய்வில் புதுச்சேரியில் வயதுவந்தவர்களில் 26.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு. கோவாவுக்கு ஒரு மயிரிழைதான் பின்னால். ஜிப்மர் இருக்கிறது, தவளக்குப்பத்தில் 2003 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிறார்கள். நாமோ, சொட்டு மருந்து விட்டால் பாதி நாள் போய்விடும் என்று விழித்திரைச் சோதனையை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுகிறோம். திடீரென்று இரட்டையாகத் தெரிந்தால் கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். காரணம் எப்போதும் சர்க்கரையாகவே இருக்காது, தலைக்குள் அழுத்தம் ஏறினாலும் இதே நரம்புதான் அடிபடும்.

கடிதத்தின் கடைசியில் இன்னொரு கேள்வியும் இருந்தது: சுவர்க் கடிகாரத்தைச் சட்டென்று திரும்பிப் பார்த்தால் நொடி முள் ஒரு கணம் நின்றுவிட்டது போலத் தோன்றுவது ஏன்? எழுத்தர் முன்தேதி போட்டு எழுதுகிறார், அதுதான் காரணம். தாவலின்போது அமுக்கப்பட்ட இடைவெளியை மூளை காலியாக விடுவதில்லை. தாவி முடித்ததும் கண்ட காட்சியை, கண் கிளம்பிய நேரத்திலிருந்தே பார்த்ததாகக் கணக்கில் எழுதிக்கொள்கிறது. 2001-ல் கீலன் யாரோவும் உடன் ஆய்வாளர்களும் இதை அளந்து காட்டினார்கள். தாவல் நீளமாக இருந்தால் முள் நிற்பது போலத் தோன்றும் நேரமும் நீளும். ஆகவே அறையின் மறுகோடியிலிருந்து திரும்பிப் பாருங்கள். இந்தச் சோதனைக்கு நொடிக்கு நொடி துடிக்கிற முள் வேண்டும், நிற்காமல் ஊர்ந்து ஓடும் முள் உதவாது.