சீல் அல்ல, ஆக்ஸில்!

என் அப்பா பழைய பிக்கப்பில் காய்கறி லோடு அடிப்பவர். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

வண்டியின் பின்பக்க இடது சக்கரத்தில் ஆயில் கசிந்தது. இரண்டு முறை சீல் மாற்றியும் நிற்கவில்லை. ஆயில் பிரேக் லைனிங்கில் இறங்கி, பிரேக் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுத்தது. "நீதான் படிக்கிறியே, என்னன்னு பாருடா" என்றார் அப்பா.

முன் சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்தோம். டிரம்மைக் கழற்றி, பிளேட் நட்டுகளை எடுத்து, ஆக்ஸிலை உருவினோம். சீல் உரசும் இடத்தில் நகத்தை ஓட்டினேன். பள்ளத்தில் மாட்டியது! ஷாஃப்ட்டே தேய்ந்திருந்தால் புது சீல் என்ன செய்யும்?

இது செமி ஃப்ளோட்டிங் வகை. சக்கரத்தைச் சுற்றுவதோடு வண்டியின் பாரத்தையும் ஆக்ஸிலே தாங்குகிறது. ஃபுல் ஃப்ளோட்டிங்கில் பாரம் ஹவுசிங் மேல் விழும்; ஷாஃப்ட்டுக்குச் சுற்றும் வேலை மட்டும்தான். எங்கள் வண்டியில் ஆக்ஸில் ஒடிந்தால் சக்கரமே கழன்று ஓடலாம்.

புது ஆக்ஸில் வாங்கும்போது நீளத்தையும் ஸ்ப்ளைன் பற்களையும் பழையதோடு ஒப்பிட்டோம். முதலில் பிளேட், பிறகு பேரிங், கடைசியில் காலர். பிளேட்டை மறந்தால் மறுபடி எல்லாத்தையும் பிரிக்கணும்! பேரிங்கைச் சுத்தியலால் அடிக்காமல், லேத் பட்டறை பிரஸ்ஸில் ஏற்றினோம். புது சீல் போட்டு, இரு பக்கமும் லைனிங் மாற்றி, லெவல் துளை வரை ஆயில் ஊற்றினோம்.

மறுவாரம் அதிகாலை, மார்க்கெட் கிளம்பும் முன் அப்பா குனிந்து சக்கரத்தைத் தடவினார். "காய்ஞ்சிருக்குடா" என்றார். எந்த மார்க்கும் எனக்கு அந்தச் சந்தோஷத்தைத் தந்ததில்லை.

கசிவை அடைக்கும் முன் காரணத்தைத் தேடுவோம், நண்பர்களே!