பாலிசியை ஒப்படைக்கும் முன் மூன்று தொகை கேளுங்கள்



மாசி, பங்குனி பிறந்தால் குமாரலிங்கபுரம், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் வத்தலுக்கும் மல்லிக்கும் வரத்துக் கூடும். ரொக்கம் கொடுத்து எடுத்தால்தான் நாலு காசு மிஞ்சும். கையில் முதல் குறைந்த வியாபாரிக்கு அப்போது நினைவுக்கு வருவது பீரோவில் கிடக்கும் எண்டோமெண்ட் பாலிசி. கேட்டால் கம்பெனியும், இன்று ஒப்படைத்தால் இவ்வளவு தருகிறோம் என்று ஒரு தொகை எழுதிக் கொடுக்கிறது. வாங்கிக்கொள்வதா, வேண்டாமா?

ஒரே விலையைக் கேட்டு நாம் யாரும் சரக்கைத் தள்ளிவிடுவதில்லை. பாலிசிக்கும் மூன்று தொகைகளை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

கணக்குக்காக ஒரு பாலிசியை எடுத்துக்கொள்வோம். காப்புத் தொகை ரூ.2,00,000, காலம் 20 ஆண்டு, ஆண்டுப் பிரீமியம் ரூ.10,000. 12 ஆண்டு கட்டியாயிற்று. ஆயிரத்துக்கு ரூ.40 வீதம் போனஸ் ரூ.96,000 சேர்ந்திருக்கிறது.

முதலாவது, ஒப்படைப்புத் தொகை. அது ரூ.1,10,000 என்று வைத்துக்கொள்வோம். நாம் கட்டியதோ ரூ.1,20,000. வாங்கிய அன்றே ஆயுள் காப்பும் போய்விடும்.

இரண்டாவது, 'பெய்டு-அப்' தொகை. இனிப் பிரீமியம் கட்டாமல் பாலிசியை அப்படியே விட்டுவைப்பது. 20-க்கு 12 கட்டியிருப்பதால் காப்புத் தொகை ரூ.1,20,000 ஆகச் சுருங்கும். சேர்ந்த போனஸ் பொதுவாக நிற்கும். புதுப் போனஸ் வராது. ஆக எட்டு ஆண்டு கழித்து ரூ.2,16,000. இன்றைய ரூ.1,10,000 அதற்குள் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆண்டுக்கு ஒன்பது வட்டிக்குச் சற்றுக் குறைவு. இடையில் உயிருக்கு ஏதேனும் நேர்ந்தால் அந்தத் தொகை குடும்பத்துக்குச் சேரும்.

மூன்றாவது, பாலிசிக் கடன். நடப்பிலுள்ள பாலிசிக்கு ஒப்படைப்புத் தொகையில் 90 சதவீதம் வரை எல்.ஐ.சி.யில் கிடைப்பதுண்டு. நம் கணக்கில் அது ரூ.99,000. பத்து வட்டி என்று வைத்தால் மாதம் ரூ.825. வெளியில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினால் மாதம் ரூ.1,980. வத்தலை விற்று ஆறு மாதத்தில் அடைத்தால் வட்டிச் செலவு ரூ.4,950, பாலிசியும் முழுதாக நம்மிடம் இருக்கும். வட்டியைக் கட்டாமல் விட்டால் அது ஏறிக்கொண்டே போய்ப் பாலிசியையே விழுங்கிவிடும். அதில் கவனம் வேண்டும்.

ஆகவே ஒரு பருவக் கொள்முதலுக்குப் பணம் தேவையென்றால் கடனே போதும். பிரீமியம் கட்டத்தான் முடியவில்லை என்றால் பெய்டு-அப் ஆக விடலாம். கடன் தொகையால் தீராத வட்டிச் சுமை கழுத்தை நெரிக்கிறது, பிள்ளைகளும் தலையெடுத்துவிட்டார்கள் என்றால் ஒப்படைத்துப் பணம் வாங்குவதில் தவறில்லை. ஆனால் வயது ஏறியபின் பழைய பிரீமியத்துக்குப் புதுப் பாலிசி கிடைக்காது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் புது விதிப்படி, 2024 அக்டோபர் 1 முதல் விற்கப்படும் எண்டோமெண்ட் பாலிசிகளில் ஓராண்டுப் பிரீமியம் முழுதும் கட்டி ஓராண்டு முடிந்தாலே ஒப்படைப்புத் தொகை உண்டு. அதற்கு முன் எடுத்தவற்றுக்குப் பத்திரத்தில் கண்ட நிபந்தனையே செல்லும். ஆகவே பக்கத்துக் கடைக்காரருக்குக் கிடைத்த கணக்கை நம் பாலிசிக்குப் போட்டுப் பார்க்கக் கூடாது.

டிஸ்சார்ஜ் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் நிதானம் வேண்டும். யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸுக்கும் அஜ்மீர் சிங் காட்டன் மில்லுக்கும் நடந்த வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம், கையெழுத்திட்டதாலேயே உரிமை எப்போதும் போய்விடாது என்றது. ஆனால் மோசடியாலோ, வற்புறுத்தலாலோ, தவறான தகவலாலோ கையெழுத்து வாங்கப்பட்டது என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். அது எளிதான வேலையல்ல.

தொகையில் பிழை தோன்றினால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தியில்லையென்றாலோ சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. 2023 முதல் ரூ.50 லட்சம் வரையிலான வழக்குகளை அவர் விசாரிக்கலாம்.

சிட்டையில் பத்து ரூபாய் பிசகினாலும் விளக்கை அணைக்காமல் தேடுகிறவர்கள் நாம். பன்னிரண்டு வருடம் கட்டிய பணத்துக்கும் ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.