கலப்பைக் கிழங்கும் சர்க்கரைவள்ளியும்: வேறுபாடு அறியக் கற்பிப்போம்

நமது மாநில மலர் எது என்று கேட்டால், தொடக்க வகுப்பு மாணவர்கூட ‘செங்காந்தள்’ என்று உடனே சொல்லிவிடுவார். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் வரிசைப்படுத்தும் மலர்களில் முதலாவது இது என்பதைத் தமிழாசிரியர்கள் எடுத்துச் சொல்கிறோம். ஆனால் அந்தச் செடியின் கிழங்கு உயிரைப் பறிக்கும் நஞ்சு என்பது எத்தனை மாணவர்களுக்குத் தெரியும்?

நான் அறிவியல் கற்பிக்கும் பள்ளியைச் சுற்றிலும் கண்வலிக் கிழங்குத் தோட்டங்கள் உள்ளன. செங்காந்தளுக்கு உழவர்கள் வழங்கும் பெயர் அதுதான். திண்டுக்கல், திருப்பூர், கரூர் பகுதிகளில் விதைக்காக இதைக் கம்பிப் பந்தலில் ஏற்றி வளர்க்கிறார்கள். அடுத்த பருவ நடவுக்கான கிழங்குகள் வீட்டின் ஓரத்தில் குவிந்து கிடக்கும். வேலிகளிலும் புதர்களிலும் இது தானாகவே முளைக்கும். இந்தக் கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று எண்ணித் தின்றவர்கள் நஞ்சுக்கு ஆளான நிகழ்வுகள் இலங்கை மருத்துவர்களின் கட்டுரைகளில் பதிவாகியுள்ளன.

நஞ்சு எது?

செடியின் எல்லாப் பாகங்களிலும் கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருள் உள்ளது. கிழங்கிலும் விதையிலும் இது மிகுதி. வேகவைத்தாலும் சுட்டாலும் இந்நஞ்சு நீங்காது. கீல்வாத நோய்க்கு மிகச் சிறிய அளவில் மருந்தாகக் கொடுக்கப்படுவதும் இதுவே. அதனால்தான் விதைக்கு நல்ல விலை கிடைக்கிறது. சித்த மருத்துவத்திலும் சுத்தி செய்த பிறகே கிழங்கைப் பயன்படுத்துவர். ‘மருந்துக் கிழங்குதானே, தின்றால் என்ன?’ என்று மாணவர் கேட்டால், மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே இருப்பது அளவுதான் என்று விளக்க இது நல்ல சான்று.

எப்படி வேறுபடுத்துவது?

நான் வகுப்பில் இலை, தண்டு, கிழங்கு, பூ என்ற வரிசையில் ஒப்பிடச் சொல்கிறேன்.

இலை: செங்காந்தள் இலைக்குக் காம்பு இல்லை. நீண்டு குறுகிய இலையில் நரம்புகள் இணைப்போக்காக ஓடும். இலையின் நுனி சுருண்டு பற்றுக்கம்பியாக மாறியிருக்கும். சர்க்கரைவள்ளி இலைக்கு நீண்ட காம்பு உண்டு. இலை இதய வடிவிலோ விரல்போல் பிளவுபட்டோ இருக்கும். நுனியில் பற்றுக்கம்பி இராது.

தண்டு: செங்காந்தள் இலை நுனிகளால் பற்றி மேலே ஏறும். சர்க்கரைவள்ளி தரையில் படரும். அதன் கொடியை ஒடித்தால் பால் வடியும்.

கிழங்கு: செங்காந்தள் கிழங்கு ஏறத்தாழ ஒரே பருமனில் உருண்டு நீண்டு, இரு கைகளாக வளைந்து, கலப்பைபோல் இருக்கும். ‘கலப்பைக் கிழங்கு’ என்ற பெயரே அடையாளக் குறிப்பு. முளை, கைகளின் கூர்நுனியில் வரும். சர்க்கரைவள்ளி நடுவில் பருத்து இரு முனையும் சிறுத்திருக்கும். அது உணவைச் சேமிக்கும் வேரின் மாற்றுரு. செங்காந்தள் கிழங்கோ தண்டின் மாற்றுரு.

பூ: செங்காந்தளின் ஆறு இதழ்களும் நெளிந்து பின்னோக்கி மடங்கும். பசுமை, மஞ்சள், செம்மை என நாளுக்கு நாள் நிறம் மாறும். சர்க்கரைவள்ளிப் பூ இளஊதா நிறத்தில் புனல்போல் இருக்கும்.

இங்கே ஒன்றை வலியுறுத்த வேண்டும். கோடையில் செங்காந்தளின் கொடி முழுதும் காய்ந்துவிடும். அப்போது பூவும் இல்லை, இலையும் இல்லை. மண்ணுக்குள் கிழங்கு மட்டுமே இருக்கும். தோண்டும்போது ஒரு கை ஒடிந்துவிட்டால் கலப்பை வடிவமும் போய்விடும். மிஞ்சும் நேரான துண்டு, மெலிந்த சர்க்கரைவள்ளியைப் போலவே தெரியும். எனவே ஒரே ஓர் அடையாளத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. எந்தச் செடியிலிருந்து வந்தது என்று தெரியாத கிழங்கை உண்ணவே கூடாது. சுவைத்துப் பார்ப்பது சோதனை அன்று. ‘பூச்சி அரித்திருக்கிறது, அதனால் நமக்கும் ஆகாதது இல்லை’ என்பதும் தவறான எண்ணம். காட்டு வள்ளிகளிலும் சில, பக்குவப்படுத்தாமல் உண்ணத் தகாதவை.

வகுப்பறைச் செயல்பாடு

சர்க்கரைவள்ளிக் கொடியையும் கிழங்கையும் நேரில் காட்டலாம். செங்காந்தளுக்குப் படங்களே போதும். கிழங்கை வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டாம். மாணவர்கள் குழுவாக நான்கு அடையாளங்களையும் அட்டவணையாக்கட்டும். பிறகு இலையில்லாத, ஒடிந்த கிழங்கின் படத்தைக் காட்டி, ‘இது எது?’ என்று கேளுங்கள். ‘தெரியாது, எனவே தின்ன மாட்டேன்’ என்பதே சரியான விடை. அந்த விடைக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். இரு நரம்பமைப்புகளும் மாற்றுருக்களும் இந்தச் செயல்பாட்டிலேயே மனத்தில் பதிந்துவிடும். வீட்டில் நடவுக் கிழங்கு வைத்திருக்கும் பெற்றோரிடம், அதைச் சமையல் பொருள்களுக்கு அருகில் வைக்க வேண்டாம் என்று சொல்லி வருவதையும் வீட்டுப்பாடமாக்கலாம்.

யாரேனும் தின்றுவிட்டால்

தொண்டை எரிச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவை பெரும்பாலும் சில மணி நேரம் கழித்தே தொடங்கும். ‘பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான்’ என்று காத்திருப்பதுதான் ஆபத்து. அறிகுறி தெரியும் முன்பே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். உப்புநீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. தின்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு, மீதமுள்ள கிழங்கை ஒரு பையில் எடுத்துச் செல்ல வேண்டும். மருத்துவர் நஞ்சை அடையாளம் காண அது உதவும். தின்றதை மறைக்காமல் சொல்லும் மாணவரைத் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்தால் அடுத்த பிள்ளை சொல்லாமல் இருந்துவிடும்.

மாநில மலரின் படத்தைச் சுவரில் ஒட்டும்போது, அதன் அடியில் ‘அழகானது, உண்ணத் தகாதது’ என்ற வரியையும் எழுதிவிடுங்கள்.