இஞ்சியில் உறையும் பால்

தேநீருக்குக் கொதிக்கும் பாலில் பச்சை இஞ்சியைத் தட்டிப் போட்டால் சில நேரம் பால் திரிந்துவிடும். அதனால்தான் இஞ்சியை முதலில் தண்ணீரில் கொதிக்கவிடுகிறோம். நாம் தவிர்க்கப் பார்க்கும் இந்த விளைவையே தென் சீனாவில் ஓர் இனிப்பாக வளர்த்தெடுத்திருக்கிறார்கள். குவாங்சோ நகரின் பன்யூ வட்டாரத்தில் உள்ள ஷாவான் என்ற பழைய ஊர் இதற்குப் பேர்போனது. 'இஞ்சி மோதிய பால்' என்பது இந்த இனிப்பின் சீனப் பெயருக்குப் பொருள்.

முற்றிய இஞ்சியைத் துருவிப் பிழிந்து, சாற்றைக் கிண்ணத்தின் அடியில் விடுகிறார்கள். சர்க்கரை சேர்த்துக் காய்ச்சிய எருமைப் பாலைச் சுமார் 70 டிகிரி செல்சியஸுக்கு ஆறவிட்டு, சற்று உயரத்திலிருந்து ஒரே மூச்சில் ஊற்றுகிறார்கள். கலக்குவதில்லை, கிண்ணத்தை அசைப்பதும் இல்லை. சில நிமிடங்களில் பால் உறைந்துவிடும். பதம் சரியாக இருந்தால், மேலே வைத்த கரண்டி அமிழாமல் நிற்கும்.

நொதியின் வேலை

பாலில் கேசீன் என்னும் புரதம் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வோர் உருண்டையின் மேலும் கப்பா கேசீன் இழைகள் மயிர் போல நீட்டிக்கொண்டிருக்கும். உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுப்பவை இவைதாம். இஞ்சியில் உள்ள ஜிஞ்சிபைன் என்ற நொதி இந்த இழைகளை நறுக்கிவிடுகிறது. தடை நீங்கியதும் உருண்டைகள் ஒட்டி வலையாகின்றன. நீரும் கொழுப்பும் அந்த வலைக்குள் சிக்கிக்கொள்கின்றன. பாலாடைக்கட்டி செய்ய உதவும் ரென்னெட்டும் இந்தக் கப்பா கேசீனைத்தான் வெட்டுகிறது.

பால் அதிகம் சுட்டால் நொதி சிதைந்துவிடும். ஆறிப்போனால் அதன் வேகம் குறையும். பிழிந்து நெடுநேரம் வைத்த சாறும் வலுவிழக்கும். ஊற்றிய பின் கலக்கினால் உருவாகிவரும் வலை அறுந்து, பால் திப்பிதிப்பியாகத் திரியும். உறைவதற்கும் திரிவதற்கும் நடுவே இருப்பது இந்தப் பக்குவம்தான்.

இரண்டு ஆடைகள்

பக்கத்து ஊரான ஷுண்டேவின் சிறப்பு 'இரட்டை ஆடைப் பால்'. சூடான எருமைப் பாலைக் கிண்ணத்தில் ஊற்றி ஆடை படியவிடுவார்கள். பிறகு ஆடையின் ஓரத்தைக் கீறி, அடியில் உள்ள பாலை மட்டும் வெளியே வடிப்பார்கள். அதில் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து மீண்டும் கிண்ணத்தில் ஊற்றினால், பழைய ஆடை மேலெழுந்து மிதக்கும். ஆவியில் வேகும்போது வெள்ளைக்கருப் புரதங்கள் சுருள் அவிழ்ந்து பின்னிக்கொள்ள, பால் கட்டியாகும். பழைய ஆடைக்கு அடியில் புதிதாக இன்னோர் ஆடை படியும். எருமைப் பாலில் கொழுப்பு ஏறத்தாழ 7 சதவீதம். பசும்பாலில் ஏறத்தாழ 4. ஆடை தடிப்பாக வருவதன் காரணம் இது.

ஜெலட்டின் காலம்

ஹாங்காங் உணவகங்களின் இன்றைய மாம்பழப் புட்டிங்கைப் பெரும்பாலும் ஜெலட்டின்தான் உறைய வைக்கிறது. விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜனிலிருந்து கிடைக்கும் புரதம் அது. குளிரக் குளிர அதன் இழைகள் முறுக்கிப் பிணைந்து வலையாகும். பச்சை இஞ்சிச் சாற்றை அதில் கலந்தால் புட்டிங் உறையவே உறையாது. பாலில் தடையை வெட்டிய ஜிஞ்சிபைன், இங்கே வலைக்கு வேண்டிய இழைகளையே வெட்டிவிடுகிறது. ஜெலட்டின் இனிப்பில் இஞ்சி மணம் வேண்டுமென்றால் சாற்றை முதலில் கொதிக்க வைக்க வேண்டும், நம் இஞ்சித் தேநீரைப் போலவே.